பிள்ளையை யார் கையில் கொடுப்பது?

ஓம் சரவண பவ. 

இந்த முறை ஒரே ஒரு கேள்விதான். நமக்கு முன்னப்பின்ன தெரியாத, நம்ம மொழி தெரியாத, நம்ம சாமியைக் கும்பிடாத ஒருத்தர் கையில் நம்ம பிள்ளையைக் கொடுக்கலாமா? கொடுத்தால் அது கடமையைச் செய்வதா, இல்லை கடமையைத் தட்டிக் கழிப்பதா?

சும்மா உட்கார்ந்து யோசிக்க இது ஏதோ வேதாந்தக் கேள்வி மாதிரி தோணும். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது சிங்கப்பூரோ துபாயோ ஜெர்மனியோ, ஏதோ ஒரு ஊர் காத்துக்கிட்டு இருக்கு. கல்யாணம் ஆகி, ஒரு குழந்தை பிறந்து, அதுக்கு ரெண்டரை வயசு ஆகும்போது இந்தக் கேள்வி உங்க வீட்டு வாசலில் வந்து நிற்கும். எங்க வீட்டுக்கு வந்துச்சு.

நான் விழுப்புரத்துக்காரி. வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். வீட்டுக்காரருக்கு பெர்லினில் வேலை கிடைத்து நாங்க போனபோது எங்க பாப்பாவுக்கு ரெண்டரை வயசு. ஆறு மாசத்தில் எனக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. அப்ப பாப்பாவை எங்கே விடுவது?

முதலில் அங்கே ஏற்பாடு எப்படின்னு சொல்லிடறேன், போகப்போறவங்களுக்கு உதவும். ஜெர்மனியில் மழலையர் பள்ளியை 'கிட்டா' என்பாங்க. ஒரு வயசு முடிந்த எல்லாக் குழந்தைக்கும் அங்கே இடம் கேட்கிற உரிமை 2013 ஆகஸ்ட் 1 முதல் சட்டப்படி இருக்கு. பெர்லினில் 2018 ஆகஸ்டில் இருந்து கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் மாசம் ஒரு தொகை கட்டணும். இளையோர் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தால் ஒரு சீட்டு தருவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் குழந்தையை விடலாம்னு அதிலேயே போட்டிருக்கும். சீட்டு கையில் வந்துட்டா இடமும் வந்துட்டதுன்னு நினைச்சுக்காதீங்க. இடத்தை நாமதான் தேடணும். ஒவ்வொரு கிட்டாவாகப் போய்க் கதவைத் தட்டணும், மின்னஞ்சல் அனுப்பணும், காத்திருப்புப் பட்டியலில் பேரைக் கொடுக்கணும். நாங்க தேடினப்ப பல இடத்தில் டீச்சர்கள் போதலை, அதனால் இடமும் இல்லை.

இன்னொன்று. 2020 மார்ச் 1-லிருந்து அங்கே தட்டம்மைத் தடுப்பூசி கட்டாயம். ரெண்டு வயசு முடிந்த குழந்தை என்றால் ரெண்டு ஊசி போட்டதற்கு ஆதாரம் காட்டாமல் உள்ளே சேர்க்கவே முடியாது. நம்ம ஊரில் ஒன்பதாம் மாசத்திலும் ஒன்றரை வயசிலும் போடுற எம்.ஆர். ஊசிதான் அது. திண்டிவனத்தில் நர்ஸம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தடுப்பூசி அட்டை, ஓரம் கிழிந்து, ஒரு பக்கம் மஞ்சள் கறையோட இருக்கும். அதைத்தான் நீட்டினேன். இந்த அட்டையை மறந்துடாதீங்க, கட்டுரையில் பின்னாடி திரும்ப வரும்.

தேடித் தேடிக் கடைசியில் மூணு வழி மிச்சம் இருந்தது.

முதல் வழி, வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு கிட்டா. நல்ல இடம். ஆனா நடத்துறது ஒரு கிறிஸ்தவ சபை. அங்கே மழலையர் பள்ளிகளில் நிறைய சபைகள் நடத்துறதுதான். ரெண்டாவது வழி, விழுப்புரத்திலிருந்து எங்க அம்மாவை வரவழைப்பது. மூணாவது வழி, நான் வேலையை விடுவது.

திண்டிவனத்திலிருந்து அத்தை போனில் சொன்னாங்க: "எம்மா, கொழந்தைக்குப் பேச்சே இப்பதான் வருது. தண்ணி வேணும்னு கேட்டாக்கூட அந்தப் பொம்பளைக்குப் புரியுமா? அதுவும் சர்ச்சு பள்ளிக்கூடம். நீ ரெண்டு வருசம் வீட்ல இரு. வேலை எங்க ஓடிடப் போவுது?"

எங்க அம்மா: "நான் வரேன்டி. மூணு மாசம் நான் இருக்கேன், அப்புறம் பாத்துக்கலாம்."

ரெண்டுமே பாசத்தில் வந்த பேச்சு. அதில் சந்தேகமே இல்லை. ஆனா பாசமாக வருவதால் மட்டும் ஒரு வழி நியாயமான வழி ஆகிடாது. அதைத்தான் நான் உங்க முன்னாடி எடுத்து வைக்கிறேன்.

அம்மாவை வரவழைக்கிறதை எடுத்துக்கோங்க. அந்த விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். தொண்ணூறு நாளில் குழந்தை பாட்டி மடியில் நல்லா ஒட்டிக்கும். தொண்ணூத்தி ஒண்ணாம் நாள் பாட்டி விமானம் ஏறிடுவாங்க. அது முதல் கஷ்டம். அடுத்தது, விழுப்புரத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை. வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அம்மாதான். என் பிள்ளையைப் பார்க்க ஆள் வேணும்னு, என் அப்பாவைப் பார்க்கிற ஆளை நான் எடுத்துக்கிட்டு வரலாமா? வெளிநாட்டில் இருக்கிற எத்தனையோ வீடுகளில், 'அம்மா ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்காங்க' என்று சொல்லி, குளிர்காலம் பூரா ஒரு ஃபிளாட்டுக்குள்ளே அவங்களைச் சம்பளமில்லாத ஆயாவாக வைத்திருக்கிறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. அவங்க வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டாங்க. கேட்க மாட்டாங்க என்பதாலேயே நாம யோசிக்கணும்.

வேலையை விடுவதும் அப்படித்தான். குழந்தைக்காக யாராவது ஒருத்தர் வீட்டில் இருக்கணும் என்றால், அது ஏன் பேச்சே இல்லாமல் என் பக்கம் வந்து விழுது? ஒரு தாய் மனசார விரும்பி வீட்டில் இருந்தால் அது அழகு. வேறு யாரையும் நம்ப முடியலை என்கிற பயத்தில் இருந்தால், அந்தப் பயத்தைத்தானே குழந்தையும் தினம் குடிச்சு வளரும்?

சரி, சர்ச்சு விஷயம். அதுக்குப் பதில் சொன்னது எங்க மாமாதான். அவர் படித்தது திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளி, ஆற்காடு மிஷன் வழியில் வந்த பள்ளிக்கூடம். போனை அத்தைகிட்டேயிருந்து வாங்கி, "நான் நெத்தி நெறைய துன்னூறு பூசிக்கினுதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலை ஏறாத வருசம் உண்டா? சாமி என்ன பள்ளிக்கூடத்துலயா கரைஞ்சு போயிட்டாரு?" என்றார். அத்தை அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லை.

இப்ப நம்ம முருகன் கதைக்கு வருவோம். கந்த புராணம் எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கிட்டு ஒரு தடவை திரும்பப் படித்துப் பாருங்க.

சிவனின் நெற்றிக் கண்ணிலிருந்து ஆறு பொறிகள். அதை முதலில் சுமந்தது யார்? வாயுவும் அக்கினியும். அவங்களாலும் தாங்க முடியாமல் கங்கையிடம் கொடுத்தாங்க. கங்கை சரவணப் பொய்கையில் சேர்த்தாள். அங்கே ஆறு குழந்தையாகத் தாமரையில் கிடந்தவனைத் தூக்கிப் பால் கொடுத்தது கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். பெற்றவள் என்று நாம கும்பிடுற பார்வதி அம்மா அதுக்கு அப்புறம்தான் வந்து ஆறு பேரையும் வாரி அணைத்து ஒருவனாக ஆக்குறாங்க.

ஆக, நம்ம சாமியே கை மாறிக் கை மாறி வளர்ந்த பிள்ளை!

இதில் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது அவன் பெயர்கள். கங்கை சுமந்ததால் காங்கேயன். பொய்கையில் வளர்ந்ததால் சரவணபவன். கார்த்திகைப் பெண்கள் பாலூட்டியதால் கார்த்திகேயன். வழியில் தூக்கி வந்த யாரையும் அவன் மறக்கலை. பார்வதி அம்மாவும் 'நான் வந்துட்டேன், நீங்க கிளம்புங்க' என்று அந்தப் பெண்களைத் துரத்தலை. சிவன் அவங்களுக்கு வரம் கொடுத்தார், அவங்க நட்சத்திரத்தில் முருகனுக்கு விரதம் இருப்பவர்களுக்கு வேண்டியது கிடைக்கும் என்று. நாம மாசா மாசம் கிருத்திகை விரதம் இருக்கிறோமே, அது யார் நாள்? முருகன் பிறந்தது விசாகம். கிருத்திகை அவனை வளர்த்தவங்க நாள். பெறாமல் பாலூட்டிய ஆறு பெண்களின் நட்சத்திரத்தில்தான் நாம பட்டினி கிடக்கிறோம்.

'அது சாமி, நம்ம பிள்ளைக்கு அது பொருந்துமா' என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னும் ஒண்ணு நானே சேர்த்துக்கறேன். புராணத்தில் பாலூட்ட வந்தது கார்த்திகைப் பெண்கள் மட்டுமா? கண்ணனுக்குப் பால் கொடுக்கப் பூதனையும் வந்தாளே! வாசலில் நிற்கும்போது ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க. பூதனைகூட அழகான பெண்ணாகத்தான் வந்தாள்.

அதனால் 'முருகன் பார்த்துப்பான்' என்று கண்ணை மூடிக்கிட்டுப் பிள்ளையைக் கொடுப்பது பக்தி ஆகாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துத் தீயில் 94 குழந்தைகள் போனாங்க. கூரைக்கொட்டகை, நெருக்கடியான இடம், வெளியேற வழியில்லை. நம்ம மாவட்டத்திலேயே, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற விக்கிரவாண்டியில், 2025 ஜனவரியில் எல்.கே.ஜி. படித்த ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூடத்துக் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. அந்தப் பெற்றோரும் நம்பித்தானே அனுப்பினாங்க. பள்ளிக்கூடம் பார்க்கப் போகிறவங்க முதலில் பார்க்க வேண்டியது பெயர்ப்பலகையையும் இங்கிலீஷையும் இல்லை. கழிப்பறையைப் பாருங்க. தொட்டி மூடியைக் காலால் அழுத்திப் பாருங்க. அடுப்பு எங்கே இருக்குன்னு பாருங்க. கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு பாருங்க. இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற பள்ளிக்கூடம் நமக்கு வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பதும் அன்பில் ஒரு பகுதிதான். பெர்லினில் அதை ஒரு முறையாகவே வைத்திருக்காங்க, அந்த ஊர் பெயரிலேயே 'பெர்லின் முறை' என்று சொல்றாங்க. முதல் மூணு நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தை கூடவே வகுப்பில் ஒரு மணி நேரம் போல உட்காரணும். பிரிவே கிடையாது. நாலாம் நாள் முதல் தடவையாகச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போகணும், அதிகபட்சம் அரை மணி நேரம். அந்த நாலாம் நாள் திங்கட்கிழமையாக வந்தால் செவ்வாய்க்குத் தள்ளி வைப்பாங்க, ரெண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வரும் குழந்தைக்கு அன்னைக்குப் பிரிவு கூடாதுன்னு. குழந்தை அழலாம், அது தப்பில்லை. அழும்போது அந்த டீச்சர் தூக்கினால் சமாதானம் ஆகுதா? இதுதான் கேள்வி. ஆகலைன்னா அவசரமே இல்லை, ரெண்டு மூணு வாரம் கூட ஆகட்டும் என்பாங்க.

இதில் யார் யாரைச் சோதிக்கிறாங்க என்று பாருங்க. பெரியவங்க குழந்தையை இன்டர்வியூ பண்ணலை. குழந்தைதான் பெரியவங்களை இன்டர்வியூ பண்ணுது! அப்பனுக்கே பாடம் சொன்ன சுவாமிநாதனைக் கும்பிடுற நமக்கு இது புதுசா என்ன? நம்ம ஊரில் மூணு வயசுக் குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து ரைம்ஸ் சொல்லச் சொல்லி அட்மிஷன் கொடுக்கிறதையும் இதையும் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்க.

அந்த டீச்சருக்கு அறுபது வயசை ஒட்டி இருக்கும். ரெண்டாம் நாள் ஒரு தாளை எடுத்துக்கிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாங்க. தண்ணி, உச்சா, பசிக்குது, வலிக்குது, அம்மா வருவாங்க. அஞ்சு வார்த்தையை நான் சொல்லச் சொல்ல அவங்க எழுத்தில் எழுதிக்கிட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாங்க. 'வலிக்குது'வில் ழகரம் இல்லைன்னு முருகனுக்கு நன்றி சொன்னேன். அஞ்சாம் நாள் நான் கதவுக்கு வெளியே நின்றபோது பாப்பா ஓங்கி அழுத சத்தம் கேட்டது. அப்புறம் "அம்மா வருவாங்க, அம்மா வருவாங்க" என்று ஜெர்மன் வாசனையோட ஒரு தமிழ் கேட்டது. அப்புறம் அழுகை நின்றது.

அழுகை நின்ற அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி மட்டும் இல்லை. ஒரு சின்ன வலியும் வந்தது. நான் இல்லாமலும் என் பிள்ளை சமாதானம் ஆகும்! தாய் மனசுக்கு இது லேசான விஷயம் இல்லை. அந்த நேரத்தில்தான் எனக்குப் பார்வதி அம்மா மேலே புதுசா ஒரு மரியாதை வந்தது. ஆறு பெண்கள் மடியில் தன் பிள்ளை சிரித்துக்கிட்டு இருக்கிறதைப் பார்த்துவிட்டு, பொறாமைப்படாமல், அவங்களையும் வணங்க வைத்த பெரிய மனசு அது. பிள்ளை நம்முடையதுதான். ஆனா நமக்கு மட்டுமே உரியது இல்லை.

அப்ப பெற்றவங்க வேலை என்ன? எல்லாத்தையும் கிட்டாவிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கலாமா? இதுக்குப் பதில் எனக்குக் கிடைத்தது பெர்லினில் இருக்கிற ஸ்ரீ மயூரபதி முருகன் கோயிலில். இலங்கைத் தமிழ் மக்கள் கட்டிய கோயில். 1980-களில் போருக்குப் பயந்து வந்தவங்க. அங்கே மூத்த அக்கா ஒருத்தர், மூணு பிள்ளைகளை அந்த ஊர் மழலையர் பள்ளியிலேயே வளர்த்தவர், சொன்னார்: "டொய்ச் அவையள் பழக்குவினம், அது அவையின்ர வேலை. தமிழ் நீங்கள்தான் பழக்கவேணும். வீட்டிலயும் டொய்ச் கதைக்க வெளிக்கிட்டியள் எண்டால், பிறகு பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் இடையில ஒரு கடல் வந்திடும்."

அவ்வளவுதான் கணக்கு. சிலதை மற்றவங்களுக்குக் கொடுக்கலாம், கொடுக்கணும். சிலதைக் கொடுக்கவே முடியாது. தாலாட்டும் மொழி, சாமிக்கு விளக்கேற்றும்போது பக்கத்தில் நிற்கிற பழக்கம், பாட்டியோட போன் பேச்சு, இதெல்லாம் எந்த டீச்சரும் தர முடியாது. தரலைன்னு அவங்க மேலே வருத்தப்படவும் கூடாது.

நவம்பர் 11 அங்கே மார்ட்டின் திருநாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியைப் பாதி கிழித்துக் கொடுத்த ஒருவரின் நினைவாகக் குழந்தைங்க கையில் காகித விளக்கு ஏந்தி இருட்டில் ஊர்வலம் போவாங்க. பாப்பாவும் போனாள். அடுத்து வந்த திருக்கார்த்திகைக்கு வீட்டில் அகல் ஏற்றினோம். ஊரில் மாவளி சுத்தும் வீடியோவை அவள் தாத்தா அனுப்பியிருந்தார். நெருப்புப் பொறி வட்டமாகப் பறக்கிறதைப் பார்த்துவிட்டு, "தாத்தா லேண்டர்ன பெருசு" என்றாள். ரெண்டு விளக்கும் அவள் மனசில் அடிச்சுக்கலை. அடிச்சுக்குமோன்னு பயந்தது பெரியவங்கதான்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பெர்லினில் ஒரு டீச்சர் அஞ்சு தமிழ் வார்த்தை கற்றதைச் சொல்லும்போது நம்ம கண்ணு கலங்குது. நம்ம தெருவிலேயே இருக்கிற அங்கன்வாடி டீச்சர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேலே மையங்கள். சத்துமாவு, மதியச் சோறு, முட்டை, எடை பார்ப்பது, பாட்டு, கதை, எல்லாம் ஒரு டீச்சரும் ஒரு ஆயாம்மாவும். அரசாங்கக் கணக்கில் அவங்க 'கௌரவப் பணியாளர்'.  அவங்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2022 ஏப்ரலில்தான். 'பால்வாடிக்கா அனுப்புறீங்க' என்று உதட்டைப் பிதுக்குவோம். ஆனா நம்ம மாவட்டத்திலிருந்து செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் ஊர் ஊராகப் போகிற குடும்பங்களுக்கும் இதே கேள்விதான்: பிள்ளையை எங்கே விடுவது? அவங்களுக்கு விசா இல்லை, சீட்டு இல்லை, காத்திருப்புப் பட்டியலும் இல்லை. அந்தப் பால்வாடி ஒன்றுதான் வழி, அதுவும் போகிற ஊரில் பக்கத்தில் இருந்தால்.

பெர்லின் கதவைத் திறந்த தடுப்பூசி அட்டையும் திண்டிவனத்து நர்ஸம்மா வெயிலில் நடந்து வந்து போட்ட கையெழுத்துதானே! அவங்களும் என் பிள்ளையைச் சுமந்தவங்கதான்.

ஆக, பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். கண்ணைத் திறந்து வைத்துக்கிட்டு, இடத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, அவசரப்படாமல் கொடுக்கலாம். கொடுத்த பிறகு அந்தக் கைகளை மறக்கக் கூடாது. அவங்க பெயரைப் பிள்ளைக்குச் சொல்லி வளர்க்கணும். அவங்க கூலிக்கும் மரியாதைக்கும் ஒரு குரல் நம்மிடமிருந்தும் வரணும். வளர்த்தவங்க பெயரையே தன் பெயராக வைத்துக்கிட்ட கடவுளைக் கும்பிடுறவங்க நாம. அடுத்த கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போகும்போது, உங்களைச் சின்ன வயசில் தூக்கிச் சோறூட்டிய ஆயாம்மா, டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா யாராவது ஊரில் இருந்தால் அவங்க வீட்டு வழியாகப் போங்க. பிரசாதத்தை அவங்க கையில் கொடுத்துவிட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை.